விடுப்பின் ஒன்பதாம் நாள்

என் அன்பானவருக்கு,

நீங்கள் கேட்கும்போதெல்லாம் டூட்டியில் இருப்பதாகச் சொன்னேனே, அது பொய். ஒன்பது நாளாக வீட்டில்தான் இருக்கிறேன். போனில் சொல்லத் துணிவில்லாமல் எழுதுகிறேன்.

நான் கடைசியாக டூட்டி பார்த்த அன்று எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு பெண் அழைத்து, "எங்கப்பா மூச்சு விட மாட்டேங்குறாரு" என்று கதறினாள். முகவரி கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, நாக்கு அசையவில்லை. பக்கத்து இருக்கைத் தோழிதான் என் ஹெட்செட்டைப் பிடுங்கிப் பேசினாள். அந்தப் பெண்ணின் அப்பா பிழைத்துவிட்டார். நான் அன்றே ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

முதல் மூன்று நாளும் தூக்கம்தான். பிறகு மருத்துவரைப் பார்த்தேன். காலையில் நடக்கிறேன். நம் பாப்பாவுக்கு மறுபடி நானே தலை பின்னிவிடுகிறேன்.

இன்று மதியம் மேலதிகாரி கூப்பிட்டார். "ஆளே இல்லம்மா, நாளைக்கு மட்டும் வந்துடு."

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "ஒரு நாள்தானே, போயிட்டு வா" என்றிருப்பீர்கள். நான் அவரிடம் சொன்னேன்:

"முடியாது சார். இப்ப வந்தா என்னால யாராவது செத்துப்போவாங்க."

அவர், "சரிம்மா, ரெஸ்ட் எடு" என்று போனை வைத்துவிட்டார்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடுங்கள். திட்டுவதானால் திட்டுங்கள். எப்போது வேலைக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி