மண்டபத்துச் சாவியும் சின்னவள் கல்யாணமும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சின்னவளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு என்னவென்று கீழே எழுதுகிறேன், உனக்கு இரண்டிலும் ஒரு குறையும் வரக்கூடாது என்பதுதான் விடிந்தால் அடைந்தால் என் நினைப்பு. போனில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லபடியா இருக்கு என்று சொல்லிவிட்டேன், அது பாதிதான் உண்மை. உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. இன்று அவர் மருந்துக்கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். முழுக்கப் படி, நடுவில் பதறிப்போய் போன் போடாதே.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு நாலு மாடிக் கட்டடம் உண்டே, ஜன்னல் ஜன்னலாகத் துணி தொங்கும், புதுசா வந்தவங்க இருக்கிற இடம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள், அதன் பின்சுவர் போன மாதம் மழையில் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. நகராட்சிக்காரர்கள் வந்து எல்லோரையும் வெளியேற்றிவிட்டு வாசலுக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்து பல வருஷம் கழித்து, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே, அந்த ஜனங்கள் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள், இன்னும் நம் வாயில் புதுசா வந்தவங்கதான். சாயங்காலம் உன் அப்பா நம் சங்க மண்டபத்தைப் பூட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார், பஸ் டிப்போவில் ஓய்வு பெற்றதிலிருந்து மண்டபத்துச் சாவி அவரிடம்தானே இருக்கிறது. வழியில் கடை ஓரங்களில் பாயும் பாத்திரமுமாக அவர்கள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பிப் போய் மண்டபத்தைத் திறந்துவிட்டார். கமிட்டியைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து சாப்பாடு கொஞ்சம் கூடுதலா பண்ணு என்றார். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். எண்ணலை என்றார்.

அதே மண்டபத்தில்தான் அடுத்த மாதம் சின்னவள் கல்யாணம் வைத்திருக்கிறோம். சங்கத் தலைவர் நம் கோட்டு மாமா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அந்த மனிதர் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், மரியாதை ஒரு நூல் பிசகினாலும் முகம் தூக்கிக்கொள்கிறவர். ஏதோ இரண்டு மூன்று நாள், மழை விட்டால் போய்விடுவார்கள் என்று அப்பா சொன்னார். மழை விட்டது. கட்டடத்தில் யாரையும் உள்ளே விடவில்லை. நான் ஒரு பக்கம் புடவைக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் பெரிய குண்டானில் சோறு வடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் உன் அப்பாவைத் திட்டிக்கொண்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் கதவைத் திறந்துவிடுங்க, பெத்த பொண்ணுக்கு அடைச்சிடாதீங்க என்று கூடச் சொன்னேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே இருந்தார்.

அவர்களில் ஒருத்தி என்னோடு திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலை செய்கிறவள், என் மிஷினுக்கு அடுத்த மிஷின். நீள விரல்காரி என்று நாங்கள் கூப்பிடுவோம், அவளுக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் இந்த ஊர்ப் பாஷை அரைகுறை, இரண்டு அரையும் சேர்ந்தால் பேச்சு ஓடிவிடும். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் இந்த மாதம்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒரே துணி, ஒரே நூல், ஒரே முதலாளி, ஆனால் எனக்கு மாதச் சம்பளம், உடம்பு சரியில்லை என்றால் லீவு, ஆஸ்பத்திரிச் செலவு. அவளுக்குத் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி, அதுவும் ஏஜென்ட் ஒருவன் கை வழியாக. காய்ச்சலோடு தைத்துக்கொண்டிருந்தாளே, ஏன் வந்தாய் என்று போன வருஷம் நான் கோபித்துக்கொண்டேன், எவ்வளவு மடத்தனம் பார். அவள் வீட்டுக்காரர் அவர்கள் தேசத்தில் மாட்டு டாக்டராம். இங்கே அந்தப் படிப்பு செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம், நம் அப்பா வேலை பார்த்த அதே டிப்போவில் பஸ் கழுவுகிறார். அவளே ஒருநாள் சொன்னாள், உங்க ஆம்பளைங்க வர்றதுக்கு முன்னாடியே வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு, எங்க ஆம்பளைங்களுக்கு வந்தப்புறம் நாங்கதான் காத்துக்கிட்டு இருக்கோம் என்று. குறையாகச் சொல்லவில்லை, நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

அவர்களுக்கும் நம்மைப் பற்றி ஒரு பட்டப்பெயர் இருக்கிறதாம், கதவு சாத்தினவங்க. எனக்கு முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்தால் தப்பில்லை. டிப்போ குவார்ட்டர்ஸில் இருந்தவரை நாமும் ஒருவர் அடுப்பில் ஒருவர் கொதிக்க வைத்தவர்கள்தான், ஆளுக்கொரு வீடு வாங்கினோம், ஆளுக்கொரு அழைப்புமணி வைத்தோம், மேலத்தெரு எலெக்ட்ரிக் கடைக்காரரின் அம்மா விழுந்து இடுப்பொடிந்தது கூட யாருக்கும் மறுநாள்தான் தெரிந்தது. மண்டபத்தில் அவர்களைப் பார்த்தால் ஒரு குழந்தை இருமினால் நாலு பேர் எழுந்திருக்கிறார்கள். அதற்காக எல்லாம் தேன் பாயசம் என்று நினைக்காதே, குளிக்கிற முறைக்கு அவர்கள் போடுகிற சண்டை தெருமுனை வரை கேட்கும், ஒண்டி ஆளாக நிம்மதியாக அழக்கூட அவர்களுக்கு இடமில்லை. நீள விரல்காரி என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள், உன் பையனுக்குப் போக வழி கிடைச்சுதே, என் பிள்ளைங்களுக்கு இந்த ஊர்க் குடியுரிமைத் தாளே இல்ல, பக்கத்து ஊருக்குக் கூடப் போக முடியாது என்கிறாள். நான் அவளைப் பார்த்து, உன் பிள்ளைங்க கூப்பிடு தூரத்தில இருக்காங்களே என்று சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

சங்கக் கூட்டம் கூட்டினார்கள். பெண்கள் பின்வரிசை, உனக்குத் தெரியும். எலெக்ட்ரிக் கடைக்காரர்தான் அதிகம் சத்தம் போட்டார். நாமளும் ஒரு பெட்டியோடதானே வந்தோம், நமக்கு யாரு மண்டபம் திறந்து விட்டா, உழைச்சோம், மேல வந்தோம், இவங்க ஏன் வரலை, அதுதான் என் கேள்வி என்றார். நிறையப் பேர் தலையாட்டினார்கள், பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு நொடி சரியென்றுதான் பட்டது. உன் அப்பா கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, அன்று எழுந்துவிட்டார். நம்ம பெட்டிக்குள்ள வேலை உத்தரவு இருந்துச்சு தம்பி, ரயிலடியில டிப்போ வண்டி வந்து ஏத்திக்கிச்சு, குவார்ட்டர்ஸ் சாவி மொதல் நாளே குடுத்தாங்க, உன் பள்ளிக்கூடச் சீட்டு அந்த டிப்போ குடுத்தது, நீ உழைச்சது உண்மை, இவங்களும் உழைக்கிறாங்க, நமக்கு உழைப்பு சேர்ந்துச்சு, இவங்களுக்குச் சேரலை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். யாரும் கைதட்டவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று கைதூக்கி முடிவு செய்தார்கள். அப்பா சாவியை மேசையில் வைத்துவிட்டு, மேற்கு ஜன்னல் கொக்கி லூசா இருக்கு, காத்தடிச்சா பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாளே கோட்டு மாமா சம்பந்தியம்மாவையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வரவில்லை, சமாதானத்துக்குத்தான் வந்தார், அதுதான் வினையாகிப்போனது. நடந்தது நடந்து போச்சு, அவங்க காலி பண்ணதும் ரெண்டு கோட்டு வெள்ளையடிச்சுத் தரையைக் கழுவி விட்டுடலாம், இல்லேன்னா நம்ம ஜனங்க உள்ள கால் வைக்க மாட்டாங்க என்று சாதாரணமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டேன், கல்யாணம் நடந்தால் போதும் என்றுதான் இருந்தது. டீ கொண்டுவந்த சின்னவள் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள், மாமா, நான் பல் டாக்டர்கிட்ட முன்மேசையில உக்காந்திருக்கேன், இந்த ஊர்க்காரங்க சில பேர் என் கையால சீட்டு வாங்க மாட்டாங்க, நான் தொட்ட பேனாவைத் துடைச்சுட்டுதான் கையெழுத்துப் போடுவாங்க, துடைக்கிறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், என் கல்யாணத்துக்காக யாரும் எதையும் கழுவ வேண்டாம் என்று. கோட்டு மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார், சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் பின்னாலேயே போனார், மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டே இவளைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் நின்றுவிடுமோ என்பது ஒரு பயம். அவள் அந்தக் கிளினிக்குக்குப் போய் வருகிற இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூட வீட்டில் இதைச் சொன்னதில்லையே என்பது இன்னொரு பயம், அது முதல் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து போன் இல்லை, ஆள் இல்லை. சனிக்கிழமை வந்தது. நகராட்சி ஏதோ முகாம் ஒதுக்கியது, பஸ் போகாத தூரத்தில், அங்கிருந்து யாரும் வேலைக்கு வந்து போக முடியாது. பாதிப் பேர் வேறு வழியில்லாமல் லாரி ஏறினார்கள். நீள விரல்காரியின் குடும்பம் மண்டப வாசலில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது, அவள், வீட்டுக்காரர், மாமியார், மூன்று பிள்ளைகள். மாதம் முழுக்க அப்பாவைத் திட்டினவள் நான்தான், அதே நான்தான் போய் எங்க வீட்டுக்கு வாங்க என்றேன், எப்படி வாயில் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவள் எழுந்திருக்கவில்லை. பாவம்னு கூப்பிட்டா வரமாட்டேன், வாடகை வாங்குவியா என்றாள். வாங்குவேன், கண்டிப்பா வாங்குவேன் என்றேன். அதற்குப் பிறகுதான் மூட்டையைத் தூக்கினாள். எலெக்ட்ரிக் கடைக்காரர் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், சாயங்காலம் கடைப்பையன் மூலம் ஒரு ஹீட்டரும் நீள வயரும் அனுப்பியிருந்தார், சீட்டுக்கூட வைக்கவில்லை. ஆகவே உன் அறையில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். உன் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன், உன் மேசையில் அந்தப் பெரிய பெண் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கோபப்படாதே. தெருவில் நம் ஆட்கள் சிலர் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போகிறார்கள், அப்பாவோடு தினமும் நடக்கப் போகிறவர்கள் இப்போது வேறு வழியில் நடக்கிறார்கள். அவர் தனியாகப் போய் சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே வராமல் சின்னவளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்கள், நான் ஜன்னலை விட்டு நகரவில்லை, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஒரு தடவை இவள் நின்று ஏதோ சொன்னாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் உள்ளே வந்து என்னிடம், அத்தை, மண்டபம் வேண்டாம், தேதியை மாத்த வேண்டாம், பதிவு ஆபீஸ்ல வச்சுக்கலாம், மாமா வரமாட்டார், அம்மா வருவாங்க, அழுதுக்கிட்டேதான் வருவாங்க, ஆனா வருவாங்க என்றார். அன்னைக்கு மாமா முன்னாடி நான் வாயைத் திறந்திருக்கணும் என்றும் சொன்னார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். கல்யாணம் நடக்கப் போகிறது கண்ணு. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை, எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது, தாய்மாமன் வராத வீட்டில் இவள் எப்படி வாழப்போகிறாள் என்று கவலை விட்டபாடில்லை. நீள விரல்காரி புடவைக்கு ஓரம் தைத்துத் தருகிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு நானும் கூலி கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவள் வேண்டாம் என்கிறாள், தினமும் சண்டை.

நீ லீவு போட்டுவிட்டாயா, டிக்கெட் எடுத்துவிட்டாயா, கட்டாயம் வந்து சேர். தங்கைக்கு அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும். வந்தால் கூடத்தில் சோபாவில்தான் படுக்கை, இடுப்பு வலிக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். குளிருக்குத் தலையை மூடிக்கொள், வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்றாவது தெரிந்து வைத்துக்கொள், ஒரு அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஆள் வேண்டும். நீயும் அங்கே வந்தேறிதானே. எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும், உன் கையும் மனசும் குளிராமல் இருக்கட்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, பதில் எழுதும்போது சாப்பிட்டேன், நல்லா இருக்கேன் என்று இரண்டு வரியில் முடிக்காதே. நீ தொட்ட பேனாவை அங்கே யாராவது துடைக்கிறார்களா என்று எழுது.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா