மூன்றாவது தடவை கூப்பிடுவார்கள் என்று

ஜூன் 4, செவ்வாய்

புது வேலையில் இன்றும் கதவுகள்தான். ஏதோ ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வரைபடம். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் எதிலாவது இடிக்குமா என்று பார்த்துச் சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டும். ஒரு கதவு கைகழுவும் தொட்டியில் இடித்தது. குறித்தேன். காலையில் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னபின் மதியம்வரை என் குரலை நானே கேட்கவில்லை.

மதியம், கட்டடச் செலவுக்கு எஸ்டிமேட் போடும் அக்கா டிபன் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "ஜாயின் பண்றீங்களா?" என்றார்.

"இல்லக்கா, நீங்க சாப்பிடுங்க."

"சரிங்க" என்று போய்விட்டார். நான் பெட்டியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருவார் என்று.

ஜூன் 5

கேட்டார். மறுத்தேன். போய்விட்டார்.

ஜூன் 9, ஞாயிறு

விடுதி அறையில் துணி துவைத்துப் போட்டுவிட்டு யோசித்தேன். எங்கள் வீட்டில் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் உடனே உட்காரக் கூடாது. முதல் தடவை வேண்டாம். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனசாரக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். சின்ன வயதில் அடுத்த வீட்டில் சட்டென்று கை நீட்டிவிட்டு, அம்மா பார்த்த பார்வையில் பலகாரத்தைத் திரும்பத் தட்டில் வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரே தடவைதான் கேட்கிறார்கள். அப்படியென்றால் மனசாரக் கேட்கவில்லையா? வாய் வார்த்தையா?

பள்ளியில் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து 'ஜாயின்' செய்யச் சொல்வார்கள். அதில் எப்போதும் எனக்கு முழு மதிப்பெண்.

ஜூன் 14, வெள்ளி

இப்போது கேட்பதே இல்லை. தண்ணீர் பிடிக்கப் போனபோது, கட்டட வரைபடம் வரையும் அண்ணன் "அந்தப் பொண்ணைக் கூப்பிடலையா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "அவங்களுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும், தொந்தரவு பண்ண வேணாம்" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். பாட்டிலை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

எனக்கா? தனியா இருக்கவா புடிக்கும்?

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். "யாரோட சாப்பிடுற?" என்று கேட்டாள். எல்லாரோடும் என்றேன். அப்பா லாரியை எங்கே நிறுத்தினாலும் பக்கத்து டிரைவரிடம் என் வேலையைப் பற்றித்தான் பேச்சாம். "காதுல ரத்தம் வர்ற வரைக்கும் விடமாட்டார்டி."

இந்த மாதத்தோடு நின்றுவிடலாம் என்று இருக்கிறது. வேலை கஷ்டமில்லை. மதியம்தான் கஷ்டம். இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 19

'ஜாயின்' என்ற சொல்லை அகராதியில் தேடினேன். தெரிந்த சொல்லைத் தேடுவது வெட்கமாகத்தான் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில், உட்கார்ந்திருப்பவர் கேட்கவில்லை. நின்றுகொண்டிருப்பவரே வந்து கேட்கிறார், நான் உங்களோடு ஜாயின் பண்ணிக்கொள்ளலாமா என்று.

அப்படியும் கேட்கலாமா? கூப்பிடாத இடத்தில் போய்?

ஜூன் 20

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். பெட்டியோடு எழுந்து அவர்கள் மேசைக்குப் போவதற்குள் மூடி போட்டுக்கொண்டிருந்தார்கள். கைகழுவ வந்தவள் மாதிரி நேராக நடந்துவிட்டேன். சாப்பிடாத கையைக் கழுவினேன்.

ஜூன் 21, வெள்ளி

கேட்டுவிட்டேன். "நானும் ஜாயின் பண்ணிக்கட்டுமாக்கா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. அண்ணன் நாற்காலியை நகர்த்தினார், அக்கா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். இடம் இருந்தது.

"நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களே" என்றார் அக்கா.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொன்னேன். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அடப்பாவமே, ரெண்டு தடவை பாக்கி வச்சு உங்களைப் பட்டினி போட்டுட்டோமா?"

"பட்டினி இல்லண்ணா. தனியாச் சாப்பிட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அக்கா தன் முட்டையில் பாதியை என் மூடியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

ஜூலை 3

என் பொரியலில் உப்பே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

அம்மா வந்திருந்தாள். அலுவலகத்தைக் காட்டக் கூட்டிப்போனேன். சாப்பாட்டு நேரம். வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"வாங்கம்மா, ஜாயின் பண்ணுங்க" என்றார் அக்கா.

"இல்லம்மா, நீங்க சாப்பிடுங்க. நான் இப்பத்தான் சாப்பிட்டேன்."

பேருந்தில் இருந்து இறங்கி நேராக வந்தவள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை மடக்கினார்.

"பரவால்ல, வாங்கம்மா."

"வேணாம்மா, இருக்கட்டும்."

இரண்டாவது விரல். அண்ணன் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை கேக்குறேன், வந்து உக்காருங்க."

அம்மா வந்து உட்கார்ந்தாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டாள்: "அந்தப் பொண்ணு என்னமோ சொல்லிச்சே, ஜாயினா? அப்படின்னா என்னடி?"

"வந்து எங்களோட உக்காருங்கன்னு அர்த்தம்மா."

"அவ்வளவுதானா? அதுக்கு எதுக்கு மூணு தடவை கேட்டுச்சு? ஒரு தடவை சொன்னா வரமாட்டேனா நான்?"