மிச்ச டப்பாவில் ஒரு எர்த் பட்டை

8 ஜூலை, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்றே இல்லை. செவ்வாய் என்பதால் முருகன் மலைக்குப் போகிற வண்டிகள் ஏழு மணிக்கே ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன.

வேலைகள்:
ஆம்னி. வைப்பர் பாதியில் நிற்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது, வைப்பரை ஆட்டுகிற கம்பியில் புஷ் தேய்ந்துபோயிருக்கிறது. மாற்றியாயிற்று.
அம்பாசடர். மலை ஏறும்போது கொதித்ததாம்.
ஷெட் ஃபேன். நாளைக்கு.

அம்பாசடர்காரர் சோளிங்கர் பக்கம். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் என்று யாரோ பயமுறுத்திய மூன்றையும் ஒப்பித்தார். பானெட் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பக்கம் முழுக்கத் தடிமனாக மாலை, அதன் மேல் வேப்பிலை, அதற்கும் மேல் மஞ்சள் துணி. ரேடியேட்டருக்குக் காற்று எந்த வழியாகப் போகும்? கழற்றச் சொன்னேன்.

"சாமிக்கு சாத்தன மாலைங்க, கீழ எறக்கக் கூடாதுங்க."

"கீழ எறக்காதீங்க. மேல கேரியர்ல கட்டுங்க. சாமியும் காத்தாட வரட்டும்."

கட்டினார். ஓட்டிப் பார்த்தோம், சூடு காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. "இம்மாந்தானா?" என்று முகம் தொங்கிப்போய்விட்டது அவருக்கு. பெரிய வியாதி என்று சொன்னால்தான் சனங்களுக்குத் திருப்தி.

மூன்று மணிக்கு தேவராஜ் அண்ணன் வண்டி. ஆர்.கே.பேட்டைக்காரர், விசைத்தறி வைத்திருப்பவர், வயது அறுபது இருக்கும். 98 மாடல் 800 கார். டெம்போவில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இடது பக்கம் முழுக்கச் சுவரில் தேய்ந்த கோடு. டெம்போவிலிருந்து இறங்கியதுமே ஆரம்பித்தார்.

"மலையிலேர்ந்து எறங்கிகினு இருக்கறேன். ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்துட்டேன், வண்டி கேக்கல. அதுபாட்டுக்கு உறுமிகினு ஓடுது. வீட்டுக்காரம்மா பக்கத்துல முருகா முருகான்னு கத்துது. சாவிய அணைச்சேன், சைடு சொவத்துல தேச்சிகினு போயி நின்னுச்சி. இல்லன்னா இன்னிக்கி எங்க ரெண்டு பேருக்கும் மால போட்டிருப்பானுங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்தார்.

"உங்க பாவா மாட்டன கேபிளுதாம்பா. மே மாசம் ஒரு தபா, போன மாசம் ஒரு தபா. ரெண்டும் டூப்ளிகேட்டு. ஞாயித்துக்கெழம மெக்கானிக் சங்கத்துல வெச்சி கேக்கப்போறேன். நீ வந்து டூப்ளிகேட்டுன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

வருகிறேன் என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன்.

பாவா என்று அவர் சொன்னது மு.வை. முழுப் பெயர் முனிரத்தினம், அக்கா வீட்டுக்காரர். இந்த நோட்டில் இரண்டு வருடமாக மு. மட்டும்தான். ஸ்டேஷன் பக்கம் ஒரே ஷெட்டில் ஒன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தோம். ஒருநாள் ஒரு கஸ்டமர் முன்னால் சொன்னார்: "எங்க குமாருக்குக் கை வேகம். ஆனா வேல முடிஞ்சா போல்ட்டு எண்ண மாட்டான்." கஸ்டமர் சிரித்தான். அன்றே ஸ்பேனர் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கே.ஜி.கண்டிகை ரோட்டில் இந்தத் தகர ஷெட். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது.

9 ஜூலை, புதன்

மேகமூட்டம். பத்து மணிக்கு நாலு சொட்டு, அவ்வளவுதான்.

800-இல் ஆக்சிலேட்டர் கேபிளைக் கழற்றினேன். முதல் ஏமாற்றம்: ஒரிஜினல். கம்பெனி முத்திரை கேபிள் உறையிலேயே இருக்கிறது. மு. சரக்கில் கை வைக்கிற ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும்தான்.

இரண்டாவது: கேபிள் தேயவில்லை. தேய்ந்தால் கம்பி பிரிபிரியாக வரும். இது எரிந்திருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உருகி, கம்பியைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அதனால்தான் காலை எடுத்தும் திரும்பவில்லை. கேபிளில் ஏது நெருப்பு?

புதுசு மாட்டி, செல்ஃப் அடித்தேன். சோம்பேறித்தனமாக ஒரு சுற்று, அரைச் சுற்று. "பேட்டரி வீக்குபா" என்றார் எதிரே டீக்கடைக்காரர். எல்லாருக்கும் எப்போதும் பேட்டரிதான். ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், பளீரென்று எரிகிறது. பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

மூன்று தடவை செல்ஃப் அடித்துவிட்டு, தற்செயலாகப் புதுக் கேபிள் மேல் கை வைத்தேன். சுட்டுவிட்டது. லேசாகப் பிளாஸ்டிக் வாசனை. அப்போது புத்தியில் பட்டது.

சோதனை: ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இஞ்சின் இரும்புக்கு மாட்டினேன். செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்று, பட்டென்று ஸ்டார்ட். வயரை எடுத்தேன், திரும்பவும் சோம்பேறி. மீட்டர் வைத்தும் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது இஞ்சினுக்கும் மைனஸுக்கும் நடுவில் அரை வோல்ட் தாண்டக் கூடாது. நாலு காட்டியது.

ஆக, இஞ்சினுக்கு எர்த் இல்லை. செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் கொஞ்சநஞ்சம் இல்லை. அது பேட்டரிக்குத் திரும்பிப் போக ஒரு ரோடு வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள், அதுதான் ரோடு. அது இல்லாவிட்டால் கிடைத்த சந்தில் புகுந்து போகும். இங்கே கிடைத்த சந்து ஆக்சிலேட்டர் கேபிள். ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் அடுப்புக் கம்பி மாதிரி காய்ந்து, காய்ந்து, ஒருநாள் ஒட்டிக்கொண்டது.

கீழே படுத்துப் பார்த்தேன். பட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடக்கிறது.

மு. கழற்றிவிட்டு மறந்திருப்பார் என்று முடிவு செய்தேன். போல்ட் எண்ணச் சொன்ன ஆள்! பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

10 ஜூலை, வியாழன்

வெயில். ஃபேன் சரிசெய்யவில்லை.

எர்த் பட்டைக்காகக் கடைத்தெருவுக்குப் போவானேன் என்று மிச்ச டப்பாவைக் கொட்டினேன். வேலை முடிந்ததும் மிஞ்சுகிற நட்டு, போல்ட், வாஷர், கிளிப் எல்லாம் போடுகிற பிஸ்கட் டப்பா. அடியில் ஒரு பட்டை கிடைத்தது.

அதன் ஒரு முனையில் மஞ்சள் பாவு நூல் சுற்றி முடிச்சு.

தேவராஜ் அண்ணன் வண்டியில் எந்த வயர் தொங்கினாலும், பிரிந்தாலும் தறி நூலால் கட்டிவிடுவார். மஞ்சள் நூல், நெசவுக்காரர் முடிச்சு. பானெட்டுக்குள் ஏழெட்டு இடத்தில் இருக்கிறது. நேற்று வரை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து:

"800, தேவராஜ். கிளட்ச் பிளேட். கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியது. ஒரே நாளில் முடித்தேன். மு. என்றால் இரண்டு நாள் எடுத்திருப்பார்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மே மாதம் எனக்கு டைபாய்டு, ஷெட் பூட்டிக் கிடந்தது. அதனால்தான் அவர் மு.விடம் போனார். நான் வைத்த நெருப்பில் மு. இரண்டு கேபிள் போட்டிருக்கிறார்.

பழைய பட்டையை அந்த வண்டியில் திரும்ப மாட்டக் கை வரவில்லை. கடைத்தெருவுக்கே போய்ப் புதுசு வாங்கினேன். பெயின்ட் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிய வைத்து இறுக்கினேன். சூடு பட்ட கேபிள் என்பதால் அதையும் எடுத்துவிட்டு வேறு போட்டேன். பத்து தடவை செல்ஃப், பத்து தடவையும் பட்டென்று. கேபிள் ஜில்லென்று இருந்தது.

சாயங்காலம் அவர் வந்தார்.

"இன்னாபா இருந்துச்சி?"

"எர்த்து சரியில்லண்ணா. போட்டுட்டேன். இனிமே ஒட்டாது."

"பாத்தியா, அந்தாளுக்கு ரெண்டு மாசமா தெரியாதது உனுக்கு ரெண்டு நாள்ல தெரிஞ்சிச்சி. கைராசி உனுக்குத்தாம்பா."

சாவியைக் கொடுத்தேன். தோளில் தட்டிவிட்டுப் போனார். சீ என்று இருந்தது.

11 ஜூலை, வெள்ளி

புழுக்கம். வெள்ளிக்கிழமைக் கூட்டம், ரோடு நெரிசல்.

பழைய செடான் ஒன்று, இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கிறது. பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் ஒரு போலீஸ்காரர் முறைத்தாராம். ஸ்டியரிங் அடியில் வயர் தோல் உரிந்து, திருப்பும்போது இரும்பைத் தொடுகிறது. டேப் சுற்றி ஒதுக்கிக் கட்டினேன். பத்து நிமிஷ வேலை. இந்த மாதிரி வேலையில்தான் மனசு நிம்மதியாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு அக்கா போன்.

"டேய் குமாரு, உங்க பாவாவ டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுன்னு ஊரெல்லாம் பேசிகினு கீறாங்க. அந்த மனுசன் ரெண்டு நாளா ஷெட்டத் தொறக்கல. பேன்ட்டுகூட மாத்தாம உக்காந்துகினு கீறாரு. அந்த வண்டிய நீதான் பாத்தியாமே?"

"ஆங்."

"இன்னாதான்டா இருந்துச்சி?"

"எர்த்து ப்ராப்ளம்க்கா."

"அப்பிடின்னா யாரு தப்பு?"

"கஸ்டமர் வந்துட்டாருக்கா, அப்பறம் பேசறேன்."

கஸ்டமர் யாரும் வரவில்லை.

12 ஜூலை, சனி

மழை வரும் போல இருந்தது. வரவில்லை. வேலை ஓடவில்லை. ஃபேனைக் கழற்றினேன், கண்டன்சர் போயிருக்கிறது, திரும்ப மாட்டாமல் விட்டுவிட்டேன்.

சொல்லாமல் இருக்கக் காரணங்கள்:
1. யாருக்கும் தெரியாது.
2. வண்டி இப்போது சரியாகத்தான் ஓடுகிறது.
3. இந்த ஷெட்டுக்கு இப்போதுதான் பெயர் வருகிறது.
4. மு. அந்தப் போல்ட் வார்த்தையை எல்லார் முன்னாலும் திரும்பச் சொல்வார்.

நாலாவதுதான் நிஜம். முதல் மூன்றும் சும்மா.

சொல்ல ஒரே காரணம்: முருகா முருகா என்று அந்த அம்மா கத்திய கத்தல். சுவர் இல்லாத இடத்தில் கேபிள் ஒட்டியிருந்தால் இரண்டு உயிர்.

பட்டையைப் பேன்ட் பையில் போட்டேன். எடுத்தேன். போட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

சங்கக் கூட்டம், ஸ்பேர் கடை மாடியில். பதினைந்து பேர் இருக்கும். மு. கடைசி நாற்காலியில். சவரம் செய்யவில்லை. இரண்டு வருடத்தில் தலை நன்றாக நரைத்துவிட்டது, ரோட்டில் பார்த்தபோது எனக்கு அது தெரியவில்லை.

தேவராஜ் அண்ணன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். சுவர், சாவி, முருகா. பிறகு என்னைக் காட்டினார்.

"குமாரே வந்துகிறான். அவுரு மச்சான்தான். அவனே சொல்லட்டும், டூப்ளிகேட்டா இல்லியான்னு."

எழுந்தேன். பட்டையை மேஜை மேல் வைத்தேன். சத்தம் அதிகமாகக் கேட்டது போல இருந்தது.

"கேபிளு ஒரிஜினல்ங்க. பாவா மேல தப்பு இல்ல. மார்ச் மாசம் கியர்பாக்ஸ் எறக்கி ஏத்துனது நானு. இந்த எர்த்து பட்டைய மாட்டாம உட்டுட்டேன். அதனாலதான் கேபிளு எரிஞ்சிச்சி. மூணு தபாவும்."

தேவராஜ் அண்ணன் பட்டையை எடுத்து, நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எம்முடிச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத வராது.

மு. எழுந்தார். வருகிறது, அந்த வார்த்தை வருகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ரெண்டு தபா எரிஞ்ச கேபிள கையில எடுத்தேன். ஏன் எரிஞ்சிச்சின்னு ஒரு தபா யோசிக்கல. புச்சு மாட்டி அனுப்பிச்சேன். அதுல பாதி என்னுது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமி, "செரி, ஆயிடுச்சி. டீ வந்துகிது" என்றார். நான் குடிக்கவில்லை. படியில் தேவராஜ் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொன்னது போதாதுபா. பயந்தது அவ. அவகிட்ட வந்து சொல்லு."

வருகிறேன் என்றேன். புதன்கிழமை ஆர்.கே.பேட்டை.

14 ஜூலை, திங்கள்

காலை காற்று. ஷெட் தகரம் தடதடவென்று ஆடியது. ஃபேன் மாட்டினேன், ஓடுகிறது.

ஒரு வேன், கியர்பாக்ஸ் ஏற்றும் வேலை. ஏற்றுவதற்கு முன் போல்ட் எல்லாவற்றையும் டப்பா மூடி ஒன்றில் போட்டு எண்ணினேன். பதினொன்று. எர்த் பட்டை தனியாக, ஒன்று.

பத்தரைக்கு வாசலில் நிழல். பாவா. சைக்கிளில் வந்திருக்கிறார். இந்த ஷெட்டுக்குள் முதல் தடவை. சவரம் செய்திருந்தார்.

"வாங்க பாவா" என்றேன். அந்த வார்த்தைக்கு வாய் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஃபேனைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "மழைக்கு ஒழுவுதா?" என்றார். மூலையில் கொஞ்சம் என்றேன். பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"அன்னிக்கி நீங்க சொன்னது சரிதான் பாவா."

"எது?"

"அதான். வேல முடிஞ்சா குமாரு போல்ட்டு எண்ண மாட்டான்னு. கஸ்டமர் முன்னாடி."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது.

"அப்பிடியா சொன்னேன்?"

"அதுக்குத்தான நான் கெளம்பி வந்தேன்."

"நீ தனியா ஷெட்டு போடணும்னு ஆசப்பட்டு போயிட்டன்னு உங்க அக்காகிட்ட சொல்லிகினு இருந்தேன்" என்றார். "எனுக்கு ஞாபகமே இல்லியேபா."

இரண்டு வருடம். பொங்கல் இரண்டு, அக்கா பெண் சடங்கு ஒன்று, எதற்கும் போகவில்லை நான். சிரிக்கவா, அழவா என்று தெரியாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைத்த கையையே திரும்பத் துடைத்தேன்.

பாவா குந்தி உட்கார்ந்து, தரையில் இருந்த மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தார். "ஒண்ணு... ரெண்டு..."

எண்ணியாயிற்று என்று நான் சொல்லவில்லை.