தமிழுக்கு மூன்றை அமுக்கவும்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து தமிழுக்கு மூன்றை அமுக்கினால் இப்போது வருவது என் குரல்தான். போன வாரம் பதிவு செய்தார்கள். கண் டாக்டர் வரும் நேரமெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் பழக்கதோஷத்தில் "அப்ப வச்சுடட்டுமா?" என்று கேட்டிருக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை.

இன்று காலையிலிருந்து தமிழ் லைன் மட்டும் ஓயாமல் பிஸி. மலையாளி மானேஜர் கடுப்பாகிவிட்டார். "நமுக்கு தமிழ் வேண்டா மேடம்" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. எதற்கும் பார்ப்போம் என்று இருவரும் அந்த லைனை ஒட்டுக்கேட்டோம். நாகர்கோவில் பக்கத்து ஆள் ஒருவர், "சரிம்மா, வைங்க" என்று சொல்லிவிட்டு நான் வைப்பதற்காகக் காத்திருந்தார். அவர் வைத்தால்தான் லைன் விடுபடும். "வைங்கம்மா" என்றார் மறுபடியும்.

அவர் ஒருவழியாக வைத்ததும், மானேஜர் நம்பாமல் தானே டயல் செய்து மூன்றை அமுக்கினார். கடைசிவரை கேட்டார். "ஆ, செரி" என்று பதில் சொல்லிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தமிழை எடுத்துவிடும் பேச்சு அதோடு போயிற்று.

நாளை அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பேச வேண்டும். கேட்காமல் ஃபோனை வைத்து எனக்குப் பழக்கமில்லை.