முன்வரிசைக் கோட்டுகள்

பெர்லின், பிப்ரவரி 1937

அன்புள்ள ஒட்டீலி,

உன் இருமல் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நாடகத்தை விமர்சிக்கக் கூடாது, நடந்ததை மட்டும் எழுதலாம் என்ற பிரசார அமைச்சகத்தின் உத்தரவு உனக்குத் தெரியும். அமைச்சக அதிகாரி ஒருவரின் மைத்துனர் எழுதிய நாடகத்துக்குப் போனேன். "கதாநாயகன் சாகும்போதே முன்வரிசையினர் தங்கள் கோட்டுகளை வாங்க எழுந்து போனார்கள். அதன் பிறகும் அவன் பேசிக்கொண்டிருந்தான்" என்று எழுதினேன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் ராடெமாகர் அதைப் படிக்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார். அவருடைய வாக்கியங்களை ஒரு காலத்தில் திருத்தியவன் நான். இன்று ஊரே சிரிக்கிறது.

"என்னய்யா இது, நக்கலா?" என்று ராடெமாகர் என்னிடம் கத்தினார்.

"நடந்ததைத்தானே எழுதினேன்? முதல்ல எழுந்து போனதே நீங்கதானே சார்!"

நாளை பத்திரிகையாளர் அட்டையோடு அமைச்சகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டை போனால் இந்த நாட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. கவலைப்படாதே, வெறும் விசாரணைதான்.

தடித்த காலுறைகளையும் என் பழைய பூட்ஸையும் அனுப்பு. நாடகத்துக்கென்று அங்கே தைக்கக் கொடுத்த கறுப்பு சூட்டை உன் தம்பி அளவுக்கு மாற்றித் தரும்படி தையல்காரரிடம் சொல். இங்கே வந்திருந்த அவன் ஊருக்கு ரயிலேறக் கிளம்புகிறான், இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் அவன் கையிலேயே தருகிறேன்.

அந்த வரியைப் படித்து நீ சிரித்தாயா? அதை மட்டும் உடனே எழுது.

உன்
ஆல்பிரெக்ட்