துப்பாமல் விழுங்கிய ஒரு வாய்

ஹேவ்லாக், அந்தமான்
புதன்கிழமை

அம்மாவுக்குத் தோத்திரம்.

சர்வேசுரன் தயவில் நலமாக இருக்கிறேன். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் சொல். போனில் பேச வாய் வராததால் இதை எழுதுகிறேன்.

ரிசார்ட்டில் என்னைச் சாப்பாட்டுப் பிரிவிலிருந்து பாருக்கு மாற்றி ஒரு மாதம் ஆகிறது. உன்னிடம் மறைத்துவிட்டேன். பீரை ஊற்றிக் கொடுத்தால் மட்டும் போதாது, வகை சொல்லவும் தெரிய வேண்டும். லாகர் குளிரில் மெதுவாகப் புளிப்பது, லேசாக இருக்கும். ஏல் சற்றுச் சூட்டில் சீக்கிரம் புளிப்பது, பழவாசம் வரும். கசப்பு ஹாப்ஸ் என்கிற பூவிலிருந்து வருகிறது. இதையெல்லாம் கோயிலில் படித்த ஞானோபதேசம் போல மனப்பாடம் செய்து, குடிக்காமல் முகர்ந்து பார்த்தே சமாளித்துவந்தேன்.

திங்களன்று எங்களுக்குத் தேர்வு வைத்தார்கள். சூப்பர்வைசர் கோகுல் அண்ணன் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை நீட்டி, "சக்கே போலோ தம்பி, குடிச்சுப் பாத்துச் சொல்லு. ருசி தெரியாம கெஸ்ட்டுகிட்ட என்னத்தச் சொல்லுவ?" என்றார்.

குடித்துப் பார்த்து, "கருப்பட்டிக் காப்பி அடிப்பிடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

துப்புவதற்குப் பக்கத்திலேயே டம்ளர் வைத்திருந்தார்கள். நம் வீட்டு ருசி நாக்கில் பட்டதும் விழுங்கிவிட்டேன் அம்மா.

சகாயசெல்வி அக்கா ஊரிலிருந்து கப்பலில் இங்கே வரும்போது கொஞ்சம் கருப்பட்டி கொடுத்தனுப்பு.

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள். அப்பாவைப் போல நானும் குடித்துவிடக் கூடாதென்று வெள்ளிதோறும் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறாயே, இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம். வயிறாரச் சாப்பிடு.

உன் மகன்
ரெக்ஸ்லின்