கஜன் பிடிக்கும் வீடியோ

ஆனி 14, வெள்ளி

சித்தியின் மகன் கஜன் கனடாவில் அமெரிக்கன் ஃபுட்போல் அணியொன்றில் பந்தெறிபவனாகச் சம்பளத்துக்கு விளையாடியவன். தோள் பழுதானபின் இங்கே வட்டக்கச்சியில் என் பள்ளிக்கூட மாணவிகளுக்கு அந்த விளையாட்டை இலவசமாகப் பழக்குகிறான். சம்பளத்துக்கு விளையாடியவன் சும்மா பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தினமும் போனை வேம்பில் கட்டி, தான் பழக்குவதை வீடியோ எடுக்கிறான். ஏன் என்று இன்று கேட்டுவிட்டேன்.

"அங்கை கோச் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறன், அக்கா. எனக்குப் பழக்கத் தெரியுமெண்டு காட்ட வேணும்."

"வேலை கிடைச்சால்?"

"போவன்."

"பெட்டையளுக்குச் சொன்னனியோ?"

"நீங்களே சொல்லுங்கோ."

அந்த நேரம் பிள்ளைகள் அடுத்த வருட அணிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் என்ற இடத்தில் அவன் பெயர். கஜன் அதை வாசித்தான். தன் பெயரை வெட்டச் சொல்லவில்லை. போனை வேம்பிலிருந்து அவிழ்த்து வந்து அந்தத் தாளையும் வீடியோ எடுத்தான்.